வையாவிருத்தியமும் வாத்சல்யமும்

நம் இல்லங்களில் நீரை வடிகட்டாமல் பருகுவதில்லை. இது சிறு குழந்தையும் அறிந்த நியமம். வடிகட்டியபின் துணியில் தங்கும் சிற்றுயிர்களை என் செய்வது? எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே அவற்றைச் சேர்ப்பித்தல் வேண்டும். சிறுமியாயிருந்தபோது நான் மேலிருந்தவாறே துணியை உதறிவிட்டு ஓடிவிடுவேன். விதி நிறைவேறியது என்பது என் எண்ணம். என் பாட்டியாரோ, துணியை அலசிய நீரைச் சிறு வாளியில் ஊற்றிக் கயிற்றை மெல்ல இறக்கி, வாளி நீரைத் தொட்ட பின்னரே கவிழ்ப்பார். "உன்னை மாடியிலிருந்து போட்டால் உனக்கு வலிக்காதா?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இல்லறத்தார்க்குரிய சிட்சாவிரதங்கள் நான்கனுள் வையாவிருத்தியத்தை ஒன்றாக வைத்தவர் சமந்தபத்திர ஆசாரியர். அவருடைய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவியதே நம் அருங்கலச்செப்பு. தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயமோ, வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக எண்ணுகிறது. தொண்டு செய்வது கை. அது புறத்தே தெரிவது. ஆயினும் அஃது அகத்தவம் எனப்பட்டது. உண்ணாநோன்போ புறத்தவத்தில் வைக்கப்பட்டது. நோன்பிருந்துகொண்டு வீட்டாரைக் கடிந்துகொள்ளும் என் போன்ற மூதாட்டியர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்பது நன்று.

உத்தாயண மன்னன் வரலாறு நம் குழந்தைகள் கேட்டதே. அவனைச் சோதிக்கக் கருதிய தேவன் ஒருவன் நோயுற்ற முனிவர் வடிவில் வந்தான். உணவு ஏற்று உடனே உமிழ்ந்தான். நாற்றம் தாளாமல் ஏவலர் அகன்றனர். மன்னனும் அரசியும் அகலவில்லை. உமிழ்ந்தது தம் மேலும் படவே, 'ஒவ்வாத உணவை அளித்துவிட்டேனே' என்று தன்னையே நொந்தவாறு மன்னன் தன் கையால் அவர் உடலைக் கழுவினான். இதனை அருவருப்பின்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது மரபு. எனக்கோ இது வாத்சல்யத்திற்கும் பொருந்துவதாகவே தோன்றுகிறது. கடமை மட்டும் அறிந்தவன், 'முறைப்படியே அளித்தேன், என்மேல் குற்றமில்லை' என்றிருப்பான். கன்றினிடத்துப் பசு கொள்ளும் அன்பே வாத்சல்யத்திற்கு உரையாசிரியர் காட்டிய உவமை. எந்தப் பசுவும் முறை பார்த்துக் கன்றை நக்குவதில்லை.

இனி, கூற நாணும் ஒன்றையும் கூறிவிடுகிறேன். என் மாமியார் இறுதி நாள்களில் படுக்கையில் இருந்தார். நான் பள்ளிப் பணியையும் விடவில்லை, வீட்டுப் பணியையும் விடவில்லை. ஆசிரியப் பயிற்சியில் கற்ற கால அட்டவணை என் கையில் இருந்தது: காலையில் மருந்து, நண்பகலில் கஞ்சி, கதிரவன் மறையுமுன் இரவுணவு. ஒரு நாளும் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒரு மாலை கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் மெல்லச் சொன்னார்: "எல்லாம் வேளைக்கு வருகிறது அம்மா. நீதான் வருவதில்லை."

அன்று விடைத்தாள் கட்டை அப்படியே வைத்துவிட்டு அவர் அருகில் அமர்ந்தேன். கஞ்சியை ஆற்றி ஊட்டினேன். தம் பிறந்த ஊர் ஜினாலயத்துத் தேர்த் திருவிழாவைப் பற்றி அவர் பேசிக்கொண்டே இருந்தார். அதன்பின் பதினோரு நாள்களே இருந்தார். அந்தப் பதினொரு மாலையும் நான் அங்கேயே அமர்ந்திருந்தேன்.