மொழிக்கு வழியமைக்கும் குரல்

நுழையும்முன்

குழந்தை முதற்சொல்லைப் பேசுவதற்கு நெடுநாள் முன்பே அதன் மூளை மொழிக்காக ஆயத்தமாகத் தொடங்கிவிடுகிறது. அந்த ஆயத்தம் முழுமையடைவதற்குள் பிறந்துவிடும் குழந்தைகளின் நிலையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு பகுதிகள், ஒரு பாதை

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, பேச்சிழந்து வாழ்ந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் 1861இல் ஆராய்ந்தார். அதன் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும் மற்றொரு பகுதியை விளக்கினார். இவ்விரு பகுதிகளையும் வில்போல் வளைந்து இணைக்கும் இழைத்தொகுதியே 'வளைவு நரம்புக்கற்றை' ஆகும். நரம்பிழைகளை மயலின் என்னும் கொழுப்புறை சூழும்போது அவற்றின் வழியே செய்திகள் விரைந்து செல்கின்றன.

இடையில் தடைப்படும் வளர்ச்சி

கருக்காலம் 37 வாரங்கள் நிறைவதற்குமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 32 வாரங்களுக்கும் முன்பே பிறக்கும் குழந்தைகளுக்கு இடர் மிகுதி. ஏனெனில், கருக்காலத்தின் இறுதி மூன்று மாதங்களில்தான் மூளையின் மடிப்புகள் பெருகுகின்றன. தொலைவிலுள்ள பகுதிகளை இணைக்கும் இழைகள் உருப்பெறுகின்றன. தாயின் குரலைக் கரு கேட்டுப் பழகுவதும் இக்காலத்திலேயே. இக்குழந்தைகளோ இந்நாள்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், கருவிகளின் ஒலிக்கிடையே கழிக்கின்றனர். மூளைக் குருதிக்கசிவும் உயிர்வளிக் குறைவும் நரம்பிழைகளைத் தாக்கக்கூடும். ஆதலால் இவர்களுள் சிலருக்குப் பேச்சு தாமதமாகலாம்; நீண்ட தொடர்களைப் புரிந்துகொள்வது கடினமாகலாம். எனினும் இளமூளை நெகிழ்வுடையது. வலப்பக்கப் பாதைகளையும் மொழிக்குத் துணையாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு.

குரலும் மருத்துவமே

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் மருத்துவர் எட்கர் ரே, குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் 'கங்காரு தாய்மைப் பராமரிப்பு' முறையைத் தொடங்கினார். வெப்பப்பெட்டிகள் போதாமையால் பிறந்த இம்முறை, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அணைப்பில் இருக்கும் குழந்தை வெப்பத்தோடு தாயின் குரலையும் பெறுகிறது. அண்மையில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாய் கதை படிக்கும் குரலைப் பதிவுசெய்து குறைமாதக் குழந்தைகளைக் கேட்கச் செய்தனர். அக்குழந்தைகளின் இடப்பக்க வளைவு நரம்புக்கற்றை, கேளாத குழந்தைகளினுடையதைவிடக் கூடுதல் முதிர்ச்சி பெற்றிருந்தது.

பேச்சில் பின்தங்கும் குழந்தையை 'மந்தம்' என ஒதுக்குவது அறியாமையாகும். காலத்தே செவித்திறனைச் சோதித்தலும், பேச்சுப்பயிற்சி அளித்தலும், நாள்தோறும் அன்போடு உரையாடுதலும் நம் கடமைகள். மறுமொழி கூற இயலாத குழந்தையிடம் நாம் பேசும் சொல்லும் வீண்போவதில்லை.

சிந்தனை வினா

உங்கள் வீட்டில் கைக்குழந்தையிடம் பெரியோர் பேசும் முறையை உற்றுநோக்கி, அது மொழி வளர்ச்சிக்கு எவ்வாறு துணைசெய்கிறது என எழுதுக.