இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு வரைபடமும்: கடலோரக் காற்றின் ஈரத்தை அறிவது எப்படி?

எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் காய்கறி பயிர் செய்யும் ஒரு விவசாயிக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு யோசனை சொன்னேன். டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1980-களில் உருவாக்கிய, மின்சாரம் தேவைப்படாத செங்கல் குளிர் அறையைக் கட்டிக்கொள்ளும்படி கூறினேன். இரட்டைச் சுவர் எழுப்பி, இடையே மணல் நிரப்பி, காலையும் மாலையும் நீர் தெளித்தால் போதும். அவரும் செங்கல் வாங்கிக் கட்டினார். மூன்றாம் நாளே வெண்டைக்காய் கறுத்துப் பூசணம் பிடித்தது. தவறு அவருடையதன்று, பரிந்துரை செய்த என்னுடையது. வேலூர்ப் பக்கம் நன்கு பயன்படும் முறையைக் கடலோரத்துக்கு அப்படியே சொல்லிவிட்டேன். குளிர்சாதனப் பொறியாளர்கள் மேஜைமேல் எப்போதும் வைத்திருக்கும் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அவருடைய பணம் மிஞ்சியிருக்கும்.

அந்த வரைபடத்துக்கு சைக்ரோமெட்ரிக் சார்ட் என்று பெயர். ஈரக்காற்று வரைபடம் எனலாம். 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அதைச் சரிசெய்ய அமர்த்தப்பட்ட வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர், 1911இல் இதற்கான கணக்கை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தார். காகிதத்துக்குப் பொருந்தும் இக்கணக்கு நெல்லுக்கும் பொருந்தும். இரண்டுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள்.

வரைபடத்தின் அடிக்கோட்டில் சாதாரண வெப்பநிலை இருக்கும். வலப்பக்க நெடுங்கோட்டில் ஒரு கிலோ காற்றில் எத்தனை கிராம் நீராவி என்பது குறிக்கப்பட்டிருக்கும். (ஒரு கிலோ காற்று நம் வெயில் காலத்தில் சுமார் 900 லிட்டர் இடத்தை அடைக்கும்.) இடமிருந்து வலமாக ஏறும் வளைகோடுகள் ஈரப்பதத்தின் சதவீதம், எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது 100 சதம். மேலிருந்து வலப்பக்கம் சரியும் கோடுகள் ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை. இவற்றில் ஏதேனும் இரண்டு தெரிந்தால் மற்றவற்றைப் படித்துவிடலாம்.

கோடைப் பிற்பகலில் வேலூர்ப் பக்கம் உலர்ந்த தெர்மாமீட்டர் 40 டிகிரி சென்டிகிரேடும் ஈரத் தெர்மாமீட்டர் 24 டிகிரியும் காட்டுவதாகக் கொள்வோம். ஈரப்பதம் 26 சதம். நீர் தெளித்துக் குளிர்விக்கும்போது காற்று சரிகோட்டின் வழியே மேலேறுகிறது; 24 டிகிரிதான் அதன் எல்லை. ஆக 16 டிகிரிவரை குளிர இடமுண்டு. அதே பிற்பகல் எண்ணூரில் கடற்காற்று நுழைந்தபின் 34-ம் 28-ம் காட்டினால் ஈரப்பதம் 63 சதம். எவ்வளவு நீர் தெளித்தாலும் 6 டிகிரிக்கு மேல் குறையாது. நடைமுறையில் 4 கிடைத்தாலே அதிகம். செங்கல் அறை குளிரவில்லை, ஈரம் மட்டும் தங்கிப் பூசணத்துக்கு வசதி செய்தது. எண்ணூர் உப்பளத்தார் மேல்காற்றை ஏன் விரும்புகிறார்கள் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

இனி நெல். 75 சதம் ஈரமுள்ள காற்றில் நெல்லை எத்தனை நாள் வைத்தாலும் அதன் ஈரம் சுமார் 14 சதத்தில் நின்றுவிடும். 90 சதக் காற்றில் 17 வரை ஏறும். பகலெல்லாம் காய்ந்த நெல்லை இரவில் களத்தில் திறந்து போட்டால் காய்ந்ததில் ஒரு பங்கைத் திரும்பக் குடித்துவிடுகிறது. சம்பா அறுவடையான தை மாதத்தில் பனி இறங்குமுன் குவித்து மூடிவிட வேண்டும்.

செங்குன்றம் அரிசி ஆலைகளில் உமி எரித்த சூட்டில் நெல் உலர்த்துவதும் இதே வரைபடத்தின்படிதான். மழைக்காலக் காலையில் 26 டிகிரியில் 92 சதம் ஈரமுள்ள காற்றை 36 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் ஒரு கிராமும் குறையாமலே ஈரப்பதம் 52 சதமாக இறங்கும். வரைபடத்தில் இது நேர் வலப்பக்கம் போகும் கோடு. விதை நெல்லுக்கு மட்டும் காற்றின் சூடு 43 டிகிரியைத் தாண்டக்கூடாது. முளைப்புத் திறன் கெடும்.

வரைபடம் கையில் இல்லாதவர்கள் ஒரே மாதிரியான இரண்டு தெர்மாமீட்டர்களை நிழலில் பலகையில் பக்கம் பக்கமாகக் கட்டவும். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்து, ஐந்து நிமிடம் நன்றாக விசிறிவிட்டு இரண்டையும் படிக்கவும். காற்று 30 டிகிரி அளவில் இருக்கையில், வித்தியாசம் 2 டிகிரியானால் ஈரப்பதம் 86 சதம். 4 ஆனால் 73. 6 ஆனால் 61. 8 ஆனால் 50. வித்தியாசம் 4-க்குக் குறைந்தால் காய்ந்த நெல்லைத் திறந்து வைக்க வேண்டாம். 12 சதத்துக்குக் காய வேண்டிய விதை நெல்லுக்கு 6 டிகிரியாவது வேண்டும். வெயிலில் களம் சுடுவதால் பகலில் இதைவிடச் சற்று வேகமாகவே காயும். இக்கணக்கு முக்கியமாக நிழலுக்கும் இரவுக்கும் உரியது.

துணியை நனைக்கக் கிணற்று நீர் கூடாது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது தெரிந்ததே. துணியில் உப்புப் படிந்தால் ஈரத் தெர்மாமீட்டர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மழைநீரைப் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளவும்.

குளிர்பதனக் கிடங்கில் மிளகாய் வற்றல் வைப்போருக்கும் ஒரு சொல். மேலே சொன்ன எண்ணூர்ப் பிற்பகல் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் கோத்துவிடும். காசிமேட்டில் ஐஸ் பெட்டியின் வெளிப்புறம் வியர்ப்பது இதனால்தான். 10 டிகிரியிலிருந்து எடுத்த மூட்டையை உடனே பிரித்தால் வற்றலும் அப்படியே வியர்க்கும். தார்ப்பாயால் மூடிய நிலையில் ஓர் இரவு வைத்து, மூட்டையின் நடுப்பகுதியும் வெளிச்சூட்டுக்கு வந்தபின் பிரிக்கவும்.