கணக்கைக் கடன் கொடுக்கலாமா?
(இணையப் பாதுகாப்புக் கல்வி குறித்து ஒரு நோக்கு)

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவான காலத்தில் வேலை தேடி வந்த இளைஞர்கள் ஆலை வாயில்களில் காத்து நின்றனர். இன்று அம்பத்தூர், பாடி, கொரட்டூர்ப் பகுதி மாணவர்கள் பகுதிநேர வேலையைக் கைப்பேசியில் தேடுகின்றனர். ஆலை வாயிலில் ஆள் எடுத்தவரின் முகம் தெரிந்தது. இங்கு அது தெரிவதில்லை. மாணவர்க்கு இணையப் பாதுகாப்பைக் கற்பிக்க முனையும் நாம் இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

வழக்கமான பாடம் யாவரும் அறிந்ததே. கடவுச்சொல்லைப் பிறர்க்குச் சொல்லாதே, ஓ.டி.பி. எண்ணைப் பகிராதே, அறியாத இணைப்பைத் தொடாதே என்கிறோம். (கடவு என்பதற்கு வழி என்பது பொருள், வழியைத் திறந்து விடும் சொல் என்று விளக்கினால் மாணவர் மறப்பதில்லை.) யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை, பணம் அனுப்புவதற்கே தேவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றுகள் பலிக்கமாட்டா.

எனினும் இப்பாடம் முழுவதும் மாணவரைப் பொருளைப் பறிகொடுப்பவராக மட்டுமே காண்கிறது. திருடனுக்கு அவர் வழியாகவும் ஆகிவிடக்கூடும் என்பதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

நிகழ்வது இதுதான். "உன் பெயரில் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, ஏ.டி.எம். அட்டையையும் சிம் அட்டையையும் கொடு, மாதந்தோறும் கமிஷன் தருகிறோம்" என்று ஒருவர் கேட்கிறார். எங்கோ ஒரு முதியவரை மிரட்டிப் பறித்த பணம் அக்கணக்கில் வந்து விழுகிறது. சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து மறைகிறது. காவல்துறை பணம் சென்ற தடத்தைப் பின்தொடர்ந்து வரும்போது, முதலில் கிடைக்கும் பெயர் மாணவருடையது. ஆங்கிலத்தில் இதனைக் கோவேறு கழுதைக் கணக்கு என்ற பொருளில் வழங்குகின்றனர். பிறர் சுமையைத் தாங்கித் தான் அடிபடும் விலங்கின் பெயர் இதற்கு ஏற்றதே. இத்தகைய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்னும் கணினி முறையை உருவாக்கியுள்ளதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66-டி பிரிவு, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. அறியாமல் கொடுத்தேன் என்பவர் அதனை விசாரணையில் விளக்கியாக வேண்டும். கணக்கு முடக்கப்படும், வேற்று மாநிலக் காவல்துறையிடமிருந்தும் அழைப்பு வரக்கூடும். வேலைக்குச் செல்ல வேண்டிய வயதில் இஃது எத்துணைப் பெரிய தடை!

வெளிநாட்டு வேலை என்னும் ஆசையும் இவ்வாறே முடிவதுண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பெற்று, மியான்மருக்குக் கொண்டு செல்லப்பெற்று, இணைய மோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பெற்றவர்களுள் தமிழர் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பெற்றுச் சென்னை வந்து சேர்ந்தனர்.

கற்பிப்பதில் உள்ள இடர்ப்பாடு யாதெனில், கணக்கைக் கேட்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். உடன் படிப்பவரோ, தெருவில் அண்ணன் என்று அழைக்கப்படுபவரோ கேட்கிறார். அந்நியரை நம்பாதே என்ற பாடம் இங்குப் பயன்படாது. மறுப்பதற்குரிய சொற்களையே வகுப்பில் பழக்க வேண்டும். "அண்ணே, அட்டை அம்மாவிடம் இருக்கிறது" என்பது போன்ற எளிய விடைகூடப் போதும். தமிழ்த்துறைக்கு இதில் தனிப் பங்குண்டு. 'இன்றிரவு மின் இணைப்புத் துண்டிக்கப்படும்' என்னும் போலிக் குறுஞ்செய்தியை வகுப்பில் வைத்து, அச்சுறுத்தும் சொல் எது, அவசரப்படுத்தும் சொல் எது என்று பிரித்துக் காட்டலாம். உரைநடை நயம் ஆராயும் மாணவர்க்கு இது கடினமன்று.

தவறிவிட்ட மாணவர் ஆசிரியரிடம் வந்து சொல்வதற்கு வழியும் இருத்தல் வேண்டும். திட்டுவாரோ என்று அஞ்சி இரண்டு நாள் மறைத்தால் பணம் கைமீறிப் போய்விடும். பணம் இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால், பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. அம்பத்தூர் மாணவர்கள் 2022 சனவரியில் தொடங்கப்பெற்ற ஆவடி காவல் ஆணையரகத்தை நாடலாம். தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். கணக்கை முன்பே பிறரிடம் கொடுத்துவிட்டவர், அன்றைக்கே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து அட்டையை முடக்கி, சிம் இணைப்பையும் நிறுத்திவிட்டு, பெற்றோருடனோ ஆசிரியருடனோ காவல் நிலையம் சென்று தாமே முறையிடுதல் நலம்.