வைத்தியச் செலவும் தக்காஃபுலும்: வாலிபருக்கு ஒரு பாடம்

நம் பினாங்கு வியாபாரிகள் எவரும் கடையைப் பூட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை. பூட்டிய பிறகே "அல்லாஹ் காவல்" என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததும் அதுவே. ஆனால் கடையில் நிற்கும் இருபது வயது மகனின் தேகத்துக்கு மட்டும் யாதொரு ஏற்பாடும் செய்வதில்லை. திடீரென்று ஓர் ஆபரேஷன் வந்தால் சரக்குக்கு வைத்த முதலை எடுக்கிறோம். போதாவிடில் ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரிக்கிறோம்.

"இன்ஷூரன்ஸ் கூடாதே!" என்பர் சிலர். வாஸ்தவம். வர்த்தக ஆயுள் இன்ஷூரன்ஸ் கூடாதென 1972-ல் மலேசிய தேசிய ஃபத்வாக் குழு தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாகவே 1984-ல் தக்காஃபுல் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் கம்பெனி தொழில் தொடங்கியது. இதில் நாம் கட்டும் சந்தாவில் ஒரு பகுதி தபர்ருஃ, அதாவது நன்கொடை. பலர் கொடுத்த பொதுநிதியிலிருந்து நோயுற்றவருக்கு உதவி போகிறது. கம்பெனி கூலி பெறும் வக்கீலே. உணவு குறைந்தபோது அஷ்அரீ கூட்டத்தார் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாய்ப் பங்கிட்டதை ஹதீஸில் படித்திருக்கிறோமல்லவா? அவ்வழியே இது.

இனி, குறைந்த சந்தாவில் தேர்ந்தெடுக்கும் வகையைப் பார்ப்போம்.

முதலாவது: சிறு நோய்க்குக் கார்டு தேவையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜைகளுக்குச் சாதாரண வெளிநோயாளிச் சிகிச்சை 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. கார்டு பெரும் செலவுக்கே.

இரண்டாவது: மெடிக்கல் கார்டு மட்டும் தனியே எடுத்தால் வாலிபருக்குச் சந்தா குறைவு. முதலீட்டோடு சேர்ந்ததற்கு அதிகம். இரண்டிலும் வயது ஏறச் செலவு ஏறும். ஆகவே நாற்பது வயதில் என்ன கட்ட வேண்டுமென இன்றே ஏஜெண்டிடம் கேளுங்கள்.

மூன்றாவது: பில்லில் ஒரு பங்கை நாமே ஏற்றால் சந்தா இறங்கும். 2024 செப்டம்பர் முதல் இவ்வகைத் திட்டத்தையும் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டுமென்பது பேங்க் நெகாராவின் விதி. குறைந்தபட்சப் பங்கு நூற்றுக்கு 5, அல்லது முதல் 500 வெள்ளி. அத்தொகையைத் தனியே சேமித்து வைக்கக் கூடியவருக்கு இதுவே இலாபம்.

நான்காவது: ஆண்டு வரம்பையும் அறை வாடகை வரம்பையும் பாருங்கள். விபத்து நீங்கலாக முதல் 30 நாட்களுக்கும், சில குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாட்களுக்கும் பணம் கிடைக்காது. பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் மனமில்லையேல் திருப்பிவிடலாம்.

ஐந்தாவது, யாவற்றினும் முக்கியம்: பாரத்தில் நோயை மறைக்கலாகாது. சரக்கின் குறையை மறைத்து விற்பது எப்படிக் கூடாதோ, அப்படியே இதுவும். மறைத்தது வெளிப்பட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது கார்டு செல்லாமற் போகலாம். பொதுநிதிக்குச் செய்த மோசத்துக்கு மறுமையிலும் பதில் சொல்ல வேண்டும்.

சகோதரர்காள்! மகனுக்குச் செய்வதைக் கடைச் சிப்பந்திக்கும் எண்ணிப் பாருங்கள். நோய் வருமுன் செய்யும் ஏற்பாடே ஏற்பாடு. அல்லாஹ் நம் யாவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.