பிக்கப் இல்லை என்று வரும் வண்டிக்கு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஒர்க்‌ஷாப்புகளில் புதிதாகக் கைவைக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்.

1. பானெட்டைத் திறக்கும் முன் ஓட்டுகிறவரிடம் கேள். எப்போதிலிருந்து இழுக்கவில்லை? ஏசி போட்டால் மட்டுமா? சூடேறிய பிறகா? தேங்கிய தண்ணீரில் வண்டி போனதா?

2. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார். நம்முடையது தட்டையான ஊர். ஏற்றத்துக்கு மேம்பாலம்தான் கதி. ஜெமினியோ ஜி.என்.செட்டி சாலையோ, எல்லா வண்டியையும் ஒரே பாலத்தில் ஏற்றிப் பார். அப்போதுதான் எது திணறுகிறது என்று காதுக்குப் பிடிபடும்.

3. எஞ்சின்மேல் உடனே பழி போடாதே. ஆர்.பி.எம். எகிறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. ஓடி வந்த வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

4. ஏர் ஃபில்டருக்குக் கிலோமீட்டர் கணக்கை நம்பாதே. மெட்ரோ வேலை நடக்கும் மந்தைவெளி, பனகல் பார்க் பக்கம் தினம் போய்வரும் வண்டியில் அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

5. ஸ்கேனர் பாகத்தின் பெயரைச் சொல்லாது, அறிகுறியைத்தான் சொல்லும். பி0171 வந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான். இன்டேக் ஹோஸ் கிழிந்திருக்கலாம், எம்.ஏ.எஃப். சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். கோடு வந்ததுமே ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, மறுவாரம் பிளக், அதற்கடுத்து பம்ப் என்று வாடிக்கையாளர் பணத்தில் பரிசோதனை நடத்துவதை நான் பொறுக்கமாட்டேன். பிரஷர் கேஜ் மாட்டு. ஐடிலிங்கில் சரியாக இருந்து, லோடு ஏறியதும் பிரஷர் சரிந்தால் பம்பையும் ஃபியூயல் ஃபில்டரையும் பார்.

6. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும். பாலம் ஏறத் திணறினால் காரணம் வேறு. ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடு.

7. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்தில் கார்கள் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் ஊர் முழுக்க அதே கதி. அப்படி நனைந்த வண்டிகள் கைமாறி இன்றும் ஓடுகின்றன, வாங்கியவருக்கே தெரியாது. சீட்டின் கீழ்த் தண்டவாளத்தில் துரு இருந்தால் சந்தேகப்படு. கனெக்டர்களைக் கழற்றி உள்ளே பச்சைக் களிம்பு தேடு. எர்த் வயர் முனைகளைச் சுரண்டிப் பார். சென்சார் நல்லதாகவே இருக்கும், அது அனுப்பும் அளவுதான் வழியில் கெடும்.

8. எல்லாம் சரி, ஆர்.பி.எம். மேலே போகப்போக மூச்சு முட்டுகிறதா? கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் மாட்டு. 2,500 ஆர்.பி.எம்.மில் 3 பி.எஸ்.ஐ. தாண்டினால் அடைப்புதான். புதிதாக மாற்றும் முன் மிஸ்ஃபயரைச் சரிசெய். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்துதான் பழையது உருகியிருக்கும்.

9. கழற்றிய பாகத்தைக் கவரில் போட்டு, பில்லோடு அவர் கையில் கொடு.