விராலுக்குப் பொடிமீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

அழகர்கோவிலிலிருந்து மேலூர்ப் பக்கம் போனால் கண்மாய்க்குக் கண்மாய் வாய்க்கால் தொடர்பு உண்டு. ஒன்று மறுகால் பாய்ந்தால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும், மீனும் கூடவே போகும். தூண்டிலுக்கு உயிர் இரை பிடிக்கிறவர் மறக்கக் கூடாதது இது.

செய்ய வேண்டியவை

• மீன்பாசி குத்தகை யாரிடம் என்று ஊரில் விசாரியுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் இறங்குங்கள்.

• எந்தக் கண்மாயில் விராலுக்குத் தூண்டில் போடுகிறீர்களோ, அதே கண்மாயில் இரைமீனும் பிடியுங்கள்.

• இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை அறுத்து, வாய் உள்ளே பார்க்கத் திருப்பிச் செருகி, நூலால் தையுங்கள். பக்கவாட்டில் சிறு துளைகள் போடுங்கள். உள்ளே கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் ஒரு கல்லும் போட்டுக் கயிறு கட்டி, மடையோரம் முழங்கால் ஆழத்தில் இறக்குங்கள். ஓட்டம் இருந்தால் வாய்ப்பக்கம் தண்ணீர் போகும் திசையைப் பார்க்கட்டும். கெண்டைப்பொடி எதிர்த்து ஏறித்தான் வரும்.

• கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள். வாளியை நிழலில் வையுங்கள். பொடிகள் மேலே வந்து வாய் பிளந்தால் மூச்சுக்குத் திணறுகின்றன; உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

• தூண்டில் முள்ளைப் பொடியின் முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடு எலும்பில் படாமல் மேலாகக் குத்துங்கள். நெடுநேரம் நீந்தும்.

செய்யக்கூடாதவை

• மீந்த பொடியை வேறு கண்மாயிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். பிடித்த இடத்திலேயே விடுங்கள். ஜிலேபி நம் நாட்டு மீன் அல்ல. 1952-இல் வெளியிலிருந்து கொண்டுவந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் மீன் அது. இன்று எந்தக் கண்மாயில் வலை வீசினாலும் அகப்படுகிறது. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், கிடைத்ததையெல்லாம் விழுங்கும். அதன் குஞ்சு ஒன்றுகூட உங்கள் வாளியில் பயணம் போகக் கூடாது.

• செக்கச்செவேலென்று மேலே மொய்க்கும் குஞ்சுக்கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள். அடியில் காவல் நிற்பது பெரிய விரால். அதைப் பிடித்தால் கூட்டம் மொத்தமும் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

• அயிரையை இரையாக்காதீர்கள். மணலுக்குள் புதைந்துகொள்வதால் விரால் கண்ணில் படுவதும் குறைவு. அது குழம்புக்கு உரிய மீன்.

• கொசுவலை, வெடி, பிளீச்சிங் பவுடர், மின்சாரம் எதுவும் வேண்டாம்.

• அழகர்கோவில் மலைமேல் சிலம்பாற்றிலும் கோவில் குளங்களிலும் கை வைக்காதீர்கள். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் விட்டுவிடுங்கள்.

• பாட்டில் பொறியைத் தண்ணீரில் விட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள். ஆள் இல்லாவிட்டாலும் அது மீனை அடைத்துக் கொன்றுகொண்டே இருக்கும்.