தண்டனை நாளும் பெற்றவர்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வாய்தாவுக்கு வாய்தா வளர்ந்த மகனோடு கோர்ட் வராந்தாவில் நின்று பழகிய அப்பா அம்மாக்கள்கூட, தீர்ப்பு நெருங்கும்போது தடுமாறிப்போகிறார்கள். டீக்கடையில் ஒருவர் ஒன்று சொல்வார், சொந்தக்காரர் இன்னொன்று சொல்வார். அந்தப் பேச்சை நம்பிப் பணத்தையும் நாளையும் தொலைத்த குடும்பங்கள் பல. பெற்றவர்களால் அந்த நாளில் செய்ய முடிந்த காரியம் ஒன்று உண்டு. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

“குற்றவாளின்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சுது.”

முடியவில்லை. குற்றம் நிரூபணமானது என்று நீதிபதி சொல்வது ஒரு கட்டம். எவ்வளவு தண்டனை என்பது அடுத்த கட்டம். இரண்டுக்கும் நடுவில், தண்டனை பற்றிக் குற்றவாளியின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2) பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவே 258(2). சாந்தா சிங் வழக்கில் (1976), இப்படிக் கேட்காமலே விதித்த மரண தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டனை பற்றி மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டு முடிப்பது போதாது, வேண்டிய ஆதாரங்களைத் தாக்கல் செய்யவும் இடம் தர வேண்டும் என்றும் சொன்னது.

நடைமுறையில் என்ன ஆகிறது? “தண்டனை பற்றி ஏதாவது சொல்றீங்களா?” என்று நீதிபதி கேட்பார். கூண்டில் நிற்கும் பையனுக்கு நாக்கு வறண்டுவிடும். “அம்மாவுக்கு நான் ஒருத்தன்தான், தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்கய்யா” என்பான். ‘குறைந்தபட்சத் தண்டனை கோரினார்’ என்று தீர்ப்பில் ஒரு வரி ஏறும். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியைப் பத்துப் பக்கமாக்க முடிந்தவர்கள் பெற்றவர்கள்தான். மகன் எந்த வயதில் படிப்பை நிறுத்தினான், ஏன் நிறுத்தினான், யாருக்குச் சோறு போடுகிறான், எந்த நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்பதெல்லாம் வக்கீலுக்குத் தெரியாது. டி.சி., ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், குடியை நிறுத்தச் சிகிச்சைக்குப் போயிருந்தால் அந்தப் பதிவுகள், வேலை கொடுத்தவர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட கடிதம் என எல்லாவற்றையும் தீர்ப்புத் தேதி குறித்தவுடனே திரட்டி வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். கையில் எதுவும் இல்லையென்றால் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். குற்றவாளி என்று அறிவித்த பிறகு தண்டனை விசாரணையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்பதே பொதுவான முறையாக இருக்க வேண்டும் என்று அலாவுதீன் மியான் வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஊரே கையெழுத்துப் போட்டு ‘இவன் அப்பாவி’ என்று கொடுக்கும் மனு அன்றைக்கு உதவாது. அந்தக் கேள்விக்கு அந்தக் கோர்ட் பதில் சொல்லிவிட்டது. ‘தண்டனையைக் குறையுங்கள் என்று கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்’ என்று பயந்து வாயை மூடிக்கொள்வதும் தவறு. நிரபராதி என்று மேல்முறையீட்டில் வாதாடும் உரிமை அதனால் போய்விடாது. ஒன்றே ஒன்று, பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லும் சொல் எதுவும் அந்தக் காகிதங்களில் வேண்டாம். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

“அம்மா போய்க் கதறினா ஜட்ஜ் மனசு இளகும்.”

கோர்ட்டில் எழுந்து பேசப் பெற்றோருக்குத் தனி உரிமை கிடையாது. சொல்ல வேண்டியதை வக்கீல் வழியாகத்தான் சொல்ல வேண்டும். தேவையென்றால் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கலாம். நீதிபதியின் வீட்டு வாசலில் போய் நிற்பதும், அவருக்குக் கடிதம் எழுதுவதும் கேட்டைத்தான் தரும். ஆனால் கோர்ட் ஹாலில் போய் உட்காருங்கள். திரும்பிப் பார்க்கும்போது உங்கள் முகம் தெரிய வேண்டும் என்று கூண்டில் நிற்கும் பிள்ளை நினைக்கும். அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவையில்லை.

“ஃபீஸ் கொடுக்கறது நாங்க, வக்கீல் எங்ககிட்ட மறைக்கக் கூடாது.”

வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் மகன். 18 வயது தாண்டியவர் தன் வக்கீலிடம் சொன்னதை, அவர் சம்மதம் இல்லாமல் வக்கீல் யாரிடமும் சொல்லக் கூடாது, பணம் கட்டிய அப்பாவிடமும்கூட. மகன் சரியென்றால் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். மேல்முறையீடு வேண்டுமா என்பதும் அவர் முடிவுதான்.

“உள்ள ஆள் இருக்கு, பேசி முடிச்சுடலாம்.”

இப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் திரும்பி வராது, உங்கள் மேலேயே இன்னொரு வழக்கு வரலாம். சாட்சியின் வீட்டுக்குப் போய் மிரட்டுவது தனிக் குற்றம்.

“பெரிய வக்கீல் வெச்சா எவ்வளவு வேணும்னாலும் குறைக்கலாம்.”

குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டமே நிர்ணயித்திருந்தால், எந்த வக்கீலாலும் விசாரணை நீதிமன்றத்தை அதற்குக் கீழே இறக்க முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 4-ஆம் பிரிவில் அது 10 ஆண்டு. பாதிக்கப்பட்ட குழந்தை 16 வயதுக்குக் கீழ் என்றால் 20 ஆண்டு.

மறுபக்கம், பலர் கேட்க மறக்கும் சலுகை 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தில் இருக்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமாக இல்லாவிட்டால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. போதைப்பொருள் வழக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி விதி. 21 வயது நிறையாதவரை, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்துக்குச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும். அந்த அலுவலர் விசாரிக்க வரும்போது வீட்டு நிலவரத்தை உள்ளபடி சொல்லுங்கள்.

“ஜெயில்ல பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள்.”

24 மணி நேரம் ஒரே நாள்தான். ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்பதும் தவறு. அது உயிர் உள்ளவரைக்குமான தண்டனை. 14 வருடம் என்பது, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரைத் தண்டனைக் குறைப்பில் விடுவிக்குமுன் கழிந்திருக்க வேண்டிய காலம். பல பிரிவுகளில் தண்டனை வந்தால் ‘ஏக காலத்தில்’ என்ற சொல் தீர்ப்பில் இருக்கிறதா பாருங்கள். ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்றிருந்தால் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும்.

விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் இருந்த நாள்கள் தண்டனையில் கழியும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 468). கைதான தேதி, ஜாமீனில் வந்த தேதி, மறுபடி உள்ளே போன தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, சிறைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தேதி விட்டுப்போனாலும் அத்தனை நாள் கூடுதலாக உள்ளே இருக்க நேரும்.

“அப்பீல் போட்டா அன்னைக்கே வெளிய வந்துடலாம்.”

அப்பீல் போட்ட மாத்திரத்தில் தண்டனை நின்றுவிடாது. நிறுத்திவைக்கச் சொல்லித் தனியாக மனுப் போட வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவருக்கு 3 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ சிறை என்றால், தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே அப்பீல் போடும் அளவுக்கு அவகாசம் கொடுத்து ஜாமீனில் விடலாம். அதனால் ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய ஆவணங்களையும் அன்று கையோடு கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் அன்று மாலையே சிறைதான். அப்படி உள்ளே போக நேர்ந்தால், மகன் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை வழிக்காவலுக்கு வரும் போலீசாரிடம் கொடுத்துவிடுங்கள்.

சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகல் உடனே இலவசமாகக் கிடைக்க வேண்டும். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள், மாஜிஸ்திரேட் தீர்ப்புக்கு எதிராக செஷன்ஸ் போக 30 நாள் அவகாசம். கையில் காசு இல்லையென்றால் வட்டிக்கு வாங்கும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணில் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் மூலமாகவும் அப்பீல் அனுப்பலாம். சிறைக்கு மனு பார்க்கப் (சந்திக்கப்) போகும் முதல் நாளே மகனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.